ரோட்டோர ஊத்தும் மூணாவது டப்பாவும்: அடிக்கடி கேட்கிற கேள்விகள்

வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் ஏறுற மலை ரோட்டுல நாங்க மதுரை, திண்டுக்கல்காரங்க ஏழு பேர் சேர்ந்து ஒரு சின்ன புதையல் வேட்டை விளையாடுறோம். ஆளுக்கு ஒரு டப்பாவ ஒளிச்சு வெச்சுட்டு இடத்தோட ஜிபிஎஸ் நம்பர குரூப்ல போடணும், மத்தவங்க போய் தேடணும், இப்போதைக்கு நாலு டப்பா இருக்கு. மத்த மூணு டப்பாவ பத்தி யாரும் வாயே திறக்கல, ஆனா மூணாவது டப்பா ஒரு ஊத்துக்கிட்ட இருக்குன்னு சொன்னதுல இருந்து சொந்தக்காரங்க, ஆபீஸ்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு எல்லாரும் கேள்வி மேல கேள்வி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் மொத்தமா எழுதிட்டேன்.

இது என்ன விளையாட்டு, நீங்களா கண்டுபிடிச்சதா?

இல்லங்க, உலகம் பூரா விளையாடுறது தான், ஜியோகேச்சிங்னு பேரு. 2000-ம் வருஷம் மே மாசம் வரைக்கும் அமெரிக்கா ராணுவம் பொதுமக்களுக்கு வர ஜிபிஎஸ் சிக்னல வேணும்னே கொஞ்சம் கெடுத்து தான் அனுப்பிட்டு இருந்துச்சு, நூறு மீட்டர் வரைக்கும் தப்பா காட்டும், மே 2-ம் தேதி அத நிறுத்துனாங்க. மறுநாளே டேவ் உல்மர்னு ஒருத்தர் ஆரிகன் மாநிலத்துல பீவர்கிரீக்ங்கிற ஊர் பக்கம் ஒரு கருப்பு பக்கெட்ட பாதி மண்ணுக்குள்ள புதைச்சு வெச்சு, இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகைய இன்டர்நெட்ல போட்டுட்டாரு. உள்ள புஸ்தகம், சாஃப்ட்வேர், ஒரு கவட்டை, ஒரு டின் பீன்ஸ். மூணு நாளைக்குள்ள ரெண்டு பேர் கண்டுபிடிச்சுட்டாங்க. அந்த பீன்ஸ் டின் தான் இந்த விளையாட்டோட குலதெய்வம் மாதிரி. அப்புறம் அதே வருஷம் செப்டம்பர்ல இதுக்குன்னே வெப்சைட் வந்துச்சு.

நாங்க அந்த வெப்சைட்ல எதையும் பதியல, விதிய மட்டும் கடன் வாங்கிக்கிட்டோம். டப்பாவ கண்டுபிடிச்சா உள்ள இருக்கிற நோட்டுல பேர், தேதி எழுதணும், உள்ள இருந்து ஏதாவது எடுத்தா அதுக்கு சமமா இன்னொன்னு வெக்கணும், எடுத்த இடத்துலயே திரும்ப ஒளிச்சு வெச்சுட்டு வரணும், அவ்ளோதான். தங்கம் வெள்ளி எதுவும் கிடையாது. எங்க அத்தை மூணு தடவ கேட்டுட்டாங்க, அதான் இதையும் சொல்லிடுறேன்.

ஊத்து எங்க இருக்கு?

பெருமாள்மலைக்கு கீழ. எலிவால் அருவி தூரத்துல வெள்ளக் கோடு மாதிரி தெரியுமே அந்த டம்டம் பாறை வியூ பாயிண்ட், அதை தாண்டி மேல வரணும். இதுக்கு மேல சொன்னா விளையாட்டு கெட்டுப்போகும். பாறை இடுக்குல இருந்து தண்ணி வருது, யாரோ ஒரு தகரத்த மடக்கி சொருகி விட்டிருக்காங்க, அது வழியா ஒரு விரல் தண்டிக்கு விழுது, கீழ நாலு கல்ல அடுக்கி குடம் வெக்க மேடை மாதிரி பண்ணிருக்காங்க. போர்டு கிடையாது, பேரும் கிடையாது, வேகமா போனா தெரியவே தெரியாது. லாரிக்காரங்க ரேடியேட்டருக்கு தண்ணி பிடிக்க நிறுத்துறத பார்த்து தான் எங்களுக்கே தெரிஞ்சுது.

ஜிபிஎஸ் நேரா டப்பாகிட்டயே கொண்டுபோய் விட்டுடுமா?

விடாது. வெட்டவெளியில போன் அஞ்சு மீட்டருக்குள்ள காட்டும், ஆனா அங்க ஒரு பக்கம் செங்குத்தா பாறை, மேல மரம், சிக்னல் பாறையில மோதி திரும்பி வர்றதால புள்ளி குதிச்சுக்கிட்டே இருக்கும், பதினஞ்சு இருபது மீட்டர் தள்ளி காட்டுனா கூட ஆச்சரியப்படாதீங்க. போன கையில வெச்சுக்கிட்டே அஞ்சு நிமிஷம் நில்லுங்க, புள்ளி அடங்கும், அதுக்கப்புறம் போன பாக்கெட்ல போட்டுட்டு கண்ண நம்புங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், இதுல பாதிப் பேர் மாட்டுறாங்க. நாங்க குடுக்கிறது டிகிரி, நிமிஷம், நிமிஷத்துல தசமம். உதாரணத்துக்கு வடக்கு 10 டிகிரி 15.500 நிமிஷம்னா மேப்புல 10.2583-னு போடணும், ஏன்னா 15.5-ஐ 60-ஆல வகுக்கணும். ஒருத்தர் அப்படியே 10.155-னு அடிச்சுட்டு போய் பதினோரு கிலோமீட்டருக்கு மேல தெற்க தள்ளி நின்னுக்கிட்டு "மாப்ள இங்க ரோடே இல்லடா"ன்னு போன் பண்ணாரு.

அங்க டவர் கிடைக்கிறது சந்தேகம் தான், வத்தலக்குண்டுலயே மேப்ப டவுன்லோட் பண்ணிக்கோங்க. டவர் இல்லையேன்னு வெளிநாட்டு சொந்தக்காரங்க வெச்சிருக்கிற சாட்டிலைட் மெசேஜ் கருவிய மட்டும் தூக்கிட்டு வந்துடாதீங்க, இந்தியாவுல லைசென்ஸ் இல்லாம அது சட்டவிரோதம், ஏர்போர்ட்லயே பிடிக்கிறாங்க. சும்மா இடம் காட்டுற சாதா ஜிபிஎஸ்ஸ சொல்லல, சாட்டிலைட் வழியா மெசேஜ் அனுப்புதே அந்த வகை.

டப்பா தண்ணிக்கு பக்கத்துலயே இருக்குமா, கல்ல கில்ல புரட்டி பாக்கலாமா?

இத தான் சொல்லணும்னு இவ்ளோ எழுதுறேன். ஊத்துல டப்பா இருக்காது. தண்ணிக்குள்ள இருக்காது, தகரத்துக்கு பின்னாடி இருக்காது, குடம் வெக்கிற கல்லுக்கு அடியில இருக்காது, தண்ணி வர்ற பாறை இடுக்குல சத்தியமா இருக்காது. எங்க விதிப்படி ஊத்துல இருந்து குறைஞ்சது இருபது அடி தள்ளி தான் வெக்கணும், அதுவும் மேல்பக்கம் வெக்கக்கூடாது.

இந்த விதி வந்ததுக்கு காரணமே நான் தான். முத தடவ போனப்ப எனக்கு ஒரே நெனப்பு, ஊத்துன்னு குறிப்பு குடுத்திருக்கான்னா ஊத்துக்குள்ள தானே இருக்கும்னு, முழுக்கை சட்டைய மடிச்சு விட்டுட்டு கீழ அடுக்கி வெச்சிருந்த கல்ல ஒவ்வொன்னா புரட்ட ஆரம்பிச்சேன், அப்புறம் தகரத்த ஆட்டி பார்த்தேன், அது கையோட வந்துருச்சு, இடுக்குல இருந்த மண்ணு சரிஞ்சு தண்ணி செம்மண்ணா கொழகொழன்னு வருது. நான் குனிஞ்சு நோண்டிக்கிட்டே இருக்கேன், பின்னாடி ஒரு குரல், "ஏப்பா தம்பி, என்னத்த தொலைச்ச?"

திரும்பி பார்த்தா ஒரு பாட்டி, இடுப்புல ஒரு பிளாஸ்டிக் குடம், பின்னாடி பேத்தி மாதிரி ஒரு பொண்ணு, அது கையில ரெண்டு குடம். டப்பா தேடுறேன் பாட்டின்னு என்னால சொல்ல முடியல. நாப்பத்தோரு வயசு எனக்கு. "மோதிரம் விழுந்துருச்சு பாட்டி"ன்னு ஒரு பொய்ய சொன்னேன், அதனால என்னாச்சுன்னா அந்த பாட்டியும் பொண்ணும் குடத்த இறக்கி வெச்சுட்டு எங்கூட சேர்ந்து மோதிரத்த தேட ஆரம்பிச்சுட்டாங்க. முக்கால் மணி நேரம். தண்ணி தெளியவும் அவ்ளோ நேரம் ஆச்சு. கடைசியில உண்மைய சொல்லிட்டேன். பாட்டி திட்டல, தகரத்த வாங்கி அவங்களே சொருகுனாங்க, எந்தக் கோணத்துல வெச்சா தண்ணி சிந்தாம விழும்னு அவங்களுக்கு கை பழகிருக்கு, "இதுக்கு மேல மண்ண தொடாத, கண்ணு அடைச்சா தண்ணி வேற பக்கமா போயிரும்"னு மட்டும் சொன்னாங்க. ஊத்துக்கண்ண தான் சொல்றாங்க. அது நெசம் தான், நாம குடைஞ்சு விட்டா தண்ணி சுலபமான வேற இடுக்கு வழியா கசிஞ்சு போயிடும், திரும்ப கொண்டு வர்றது பெரும்பாடு.

டப்பா ரோட்டுக்கு அந்தப்பக்கம் கைப்பிடி சுவர் ஓரமா இருந்துச்சு. இப்ப அங்க இல்ல, மாத்தியாச்சு, சும்மா போய் தேடாதீங்க.

தண்ணி குடிக்கலாமா?

எல்லாரும் குடிக்கிறாங்க. நானும் குடிச்சேன், அன்னிக்கு ஒண்ணும் ஆகல, ரெண்டாவது தடவ குடிச்சப்ப மூணு நாள் பாத்ரூமும் கையுமா கிடந்தேன். அது இந்த தண்ணியாலயா, வழியில சாப்பிட்ட பரோட்டாவாலயான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, அதனால தண்ணி மேல பழி போடல.

ஆனா நெசமா பேசுவோம். தெளிவா இருக்கு, ஜில்லுனு இருக்கு, அதனால சுத்தம்னு அர்த்தம் இல்ல. ஜில்லுனு இருக்கிறதுக்கு காரணம் தண்ணி மண்ணுக்குள்ளயே இருந்து வர்றது, மண்ணுக்கடியில இருக்கிற தண்ணி அந்த ஊரோட வருஷ சராசரி வெப்பநிலையில தான் இருக்கும், அதான் வெயில்ல நமக்கு ஜில்லுனும், பனியில வெதுவெதுன்னும் தெரியுது. கிருமிக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஊத்துக்கு மேல என்ன இருக்குன்னு அண்ணாந்து பாருங்க. காபி தோட்டம், வாழை, அங்கங்க புதுசா ரிசார்ட்டு, ரிசார்ட்டுனா செப்டிக் டேங்க் இருக்கும்ல. காட்டுமாடு, குரங்கு எல்லாம் இருக்கு. பாறை வெடிப்பு வழியா வர்ற தண்ணி ஆத்து மணல் வடிகட்டுற மாதிரி வடிகட்டி வராது, சில சமயம் மேல விழுந்தது ரெண்டு மூணு நாள்லயே கீழ வந்துரும்.

கண்டிப்பா குடிச்சே ஆகணும்னா கொதிக்க வெச்சு குடிங்க. தளதளன்னு கொதிச்சு ஒரு நிமிஷம், ஆறாயிரத்து ஐநூறு அடிக்கு மேல போனா மூணு நிமிஷம், ஏன்னா உசரத்துல தண்ணி சீக்கிரமே கொதிச்சுரும், கொடைக்கானல்ல கிட்டத்தட்ட 93 டிகிரியிலயே கொதிக்கும், சூடு கம்மி, அத நேரத்துல ஈடு கட்டணும். கொதிக்க வெச்சா கிருமி சாகும், தோட்டத்து உரமும் பூச்சிமருந்தும் போகாது, அதையும் சேர்த்து யோசிச்சுக்கோங்க. குழந்தைங்களுக்கு வேணவே வேணாம். மூஞ்சி கழுவுங்க, கால் நனைக்கணும்னா தள்ளி கீழ போய் நனைங்க. சோப்பு ஷாம்பு எடுக்கிறவங்க எங்க கூட்டத்துக்கே வராதீங்க.

அந்த பாட்டி இத்தன வருஷமா இதே தண்ணிய தானே குடிக்கிறாங்கன்னு கேப்பீங்க. அவங்க வயிறு வேற, நம்ம வயிறு வேற. அதோட அவங்க வீட்டுக்கு கொண்டுபோய் காய்ச்சுறாங்களான்னு நீங்க போய் பாத்தீங்களா?

மே மாசத்துல கூட எப்படி தண்ணி வருது?

பழனி மலை பூரா சார்னோக்கைட்னு ஒரு கெட்டிப் பாறை, அதுல தண்ணி நிக்காது. ஆனா மேல பல அடிக்கு பொடிஞ்ச மண்ணும், பாறையில வெடிப்பும் இருக்கு, ஐப்பசி கார்த்திகையில பெய்யிற மழை அதுல இறங்கி சேர்ந்துக்கிட்டு மெதுவா கீழ நகருது. ரோடு போடுறப்ப மலைய வெட்டுறோம்ல, வெட்டுன இடத்துல அந்த வெடிப்பு வெளிய தெரிஞ்சா தண்ணி அது வழியா வெளிய வந்துரும். மலை ரோட்டோரத்துல இவ்ளோ கசிவு இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். மேல சோலைக்காடும் புல்வெளியும் இருந்தா தண்ணி நல்லா இறங்கும், அத அழிச்சு வாட்டில் மரமும் தைலமரமும் நட்டது பழனி மலைக்கு நடந்த பெரிய அநியாயம், அத பேச ஆரம்பிச்சா இந்தப் பக்கம் முடியாது.

எது ஊத்து, எது சும்மா ஓடைத்தண்ணின்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். நல்ல மழை பெஞ்ச ஒரு மணி நேரத்துல போய் பாருங்க, தண்ணி கலங்கி பெருகி வந்தா அது மேல இருந்து ஓடி வர்ற தண்ணி, அப்படியே தெளிவா அதே அளவு வந்தா ஊத்து. இது புரிஞ்சா வெள்ளி நீர்வீழ்ச்சியும் வேற மாதிரி தெரியும், அது கொடைக்கானல் ஏரில இருந்து வழிஞ்சு வர்ற தண்ணி, ஊருக்குள்ள பூந்து வருது. ஃபோட்டோ எடுத்துக்கோங்க, குடிக்காதீங்க.

பசங்கள கூட்டிட்டு போனா போரடிக்காதா?

டப்பா தேடுறதுக்கு முன்னாடி ஒரு வேல குடுங்க. ஒரு லிட்டர் பாட்டில தகரத்துக்கு கீழ பிடிச்சு எத்தன செகண்டுல நிறையுதுன்னு எண்ணச் சொல்லுங்க. போன பிப்ரவரில என் தங்கச்சி பொண்ணு எண்ணுனப்ப 12 செகண்டு, அப்படின்னா நிமிஷத்துக்கு 5 லிட்டர், ஒரு நாளைக்கு 7,200 லிட்டர்! மதுரையில ஒரு லாரி தண்ணிக்கு நாம எவ்ளோ கெஞ்சுறோம். மே மாசம் அதே பொண்ணு எண்ணுனா 31 செகண்டு. டப்பாவுக்குள்ள இருக்கிற நோட்டுல பேருக்கு பக்கத்துல இந்த செகண்டையும் எழுதிட்டு வாங்க, ஒரு ஆறு பேர் எழுதிருக்காங்க, எனக்கு டப்பாவ விட அந்த பக்கம் தான் பிடிச்சிருக்கு.

பசங்க கைய விட்டுடாதீங்க. அங்க ரோடு தான் ஆபத்தே.

வண்டிய எங்க நிறுத்துறது?

ஊத்துக்கு முன்னாடி நிறுத்தாதீங்க. அது வளைவு. அரசு பஸ் திரும்புறப்ப முழு ரோட்டையும் எடுத்துக்கும். கொஞ்சம் மேல போனா அகலமான இடம் வரும், அங்க போட்டுட்டு ஓரமா நடந்து வாங்க. மலையில ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி தான் வழி விடணும், விதியே அதான். சனி ஞாயிறு போகாதீங்கன்னு தான் சொல்லுவேன், கேக்க மாட்டீங்க.

எப்ப போறது நல்லது, என்னென்ன எடுத்துட்டு போகணும்?

தை, மாசி. மழை நின்னு தண்ணி நல்லா வரும், ரோடும் காஞ்சிருக்கும். ஐப்பசி கார்த்திகையில மண்சரிவு பயம், அட்டை கடி வேற. கொடைக்கானல் வரைக்கும் ஏறுறதா இருந்தா இ-பாஸ் வேணும், 2024 மே 7-ல இருந்து கோர்ட் உத்தரவு. அஞ்சு லிட்டருக்கு கம்மியான பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு இருவது ரூவா பசுமை வரி போட்டிருக்காங்க, அதனால வீட்ல இருந்தே எவர்சில்வர் பாட்டில்ல தண்ணி கொண்டு போங்க, ஊத்த நம்பி காலி பாட்டிலோட கிளம்பாதீங்க. டப்பாவுல வெக்க கோலிகுண்டு, பழைய நாணயம், ஸ்டாம்ப், சாவிக்கொத்து மாதிரி ஏதாவது. திங்கிற சாமான் எதுவும் வேணாம். முதல்ல நாங்க வெச்சது ஒரு பழைய டிபன் டப்பா, எவ்ளோ கழுவியும் அதுல சாம்பார் வாசம் போகல போல, குரங்கு தூக்கிட்டு போயிருச்சு, நோட்டோட. இப்ப இருக்கிறது ரப்பர் வளையம் போட்ட கிளிப் டப்பா, உள்ள தண்ணி இறங்காது.

யாராவது என்ன பண்றீங்கன்னு கேட்டா?

உண்மைய சொல்லுங்க. மோதிரம்னு சொல்லாதீங்க. போலீஸ், வனத்துறைக்காரங்க கேட்டாலும் டப்பாவ திறந்து காட்டுங்க, அதுக்கு தான் மூடியில "விளையாட்டு டப்பா, ஆபத்து எதுவும் இல்ல"ன்னு பெருசா எழுதி உள்ள என்ன இருக்குன்னு வெளியவே தெரியிற மாதிரி கண்ணாடி மாதிரி தெளிவான டப்பாவா வெச்சிருக்கோம். வெளிநாட்டுல எல்லாம் ராணுவத்து தோட்டா பெட்டியில ஒளிச்சு வெப்பாங்க, அதப் பார்த்து குண்டுன்னு பயந்து போலீஸ் வந்த கதை நிறைய. நம்ம ஊர்ல பிவிசி பைப்பு, இரும்பு டப்பா இதெல்லாம் நெனச்சுக்கூட பாக்காதீங்க.

சாமி இருக்கிற ஊத்துல டப்பா வெக்கலாமா?

வேணாம். அழகர்கோவில் மலை மேல நூபுர கங்கை இருக்குல்ல, அதுவும் ஊத்துத் தண்ணி தான், அழகருக்கு தீர்த்தம் அங்க இருந்து தான் போகுது, அங்க போய் ஒருத்தன் ஜிபிஎஸ்ஸ வெச்சுக்கிட்டு சுவர தடவிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்? ரோட்டோரத்துல கூட ஊத்துக்கு மேல ஒரு கல்லுல மஞ்சள் பூசி பூ வெச்சிருந்தா செருப்ப கழட்டிட்டு தண்ணி தொட்டுட்டு வந்துருங்க, தேடாதீங்க.

நானும் ஒரு டப்பா வெக்கிறேனே?

வாங்க. ஆனா காப்புக்காட்டுக்குள்ள கால் வெக்கக்கூடாது, தனியார் தோட்டம்னா ஓனர்கிட்ட கேக்கணும், வேர புடுங்கி குழி தோண்டி புதைக்கக்கூடாது. ரெண்டு டப்பாவுக்கு நடுவுல 161 மீட்டராவது இருக்கணும், இது உலக விதி, மைல் கணக்குல பத்துல ஒரு பங்கு. அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது நீங்களே போய் நோட்டு நனைஞ்சிருக்கா, மூடி உடைஞ்சிருக்கான்னு பாக்கணும், முடியாதுன்னா வெக்காதீங்க, அது வெறும் குப்பை தான். டப்பாவே இல்லாத ஒரு வகையும் இருக்கு, எர்த்கேச்னு 2004-ல ஆரம்பிச்சது, இடத்துக்கு போய் பாறை, தண்ணி, மண்ண பார்த்து கேட்ட கேள்விக்கு பதில் சொல்லணும். ஊத்துக்கெல்லாம் அது தான் சரின்னு எனக்கு தோணுது, எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க, டப்பா இல்லாம என்னடா புதையல்ங்கிறாங்க.

தேடி கிடைக்கலன்னா?

கிடைக்கலன்னு குரூப்ல போடுங்க, வெக்கம் ஒண்ணும் இல்ல. ரெண்டு பேர் தொடர்ந்து போட்டா வெச்சவர் போய் பாப்பாரு.

பேனா கொண்டு போக மறந்துட்டா?

ஈர மண்ண விரல்ல தொட்டு நோட்டுல ஒரு ரேகை வெச்சுட்டு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, ஏத்துக்குவோம். மண்ண ஊத்துல இருந்து எடுக்காதீங்க, ரோட்டோரத்துல எடுங்க.